கூடச் சேர்ந்து சமைத்தால் குழந்தைகள் காய்கறி சாப்பிடுவார்களா?

தட்டில் புதிதாக ஒரு காயைப் பார்த்ததும், வாயில் வைக்காமலே "வேண்டாம்" என்று குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் புது உணவு பயம். 2 வயதிலிருந்து 6 வயது வரை இது தூக்கலாக இருக்கும். தானாக நடந்து, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடும் வயதில், தெரியாததைத் தின்னாமல் இருப்பது உயிருக்குக் காவல். நச்சுச் செடிகள் பலவும் கசக்கும் என்பதால் பாகற்காய் மேல் சந்தேகம் இன்னும் அதிகம்.

முதல் தடவை வீட்டுக்கு வரும் மாமாவைப் பார்த்து அம்மாவின் முந்தானைக்குள் ஒளியும் பிள்ளை, நாலைந்து தடவை பார்த்தபிறகு அவர் மடியிலேயே ஏறி உட்காரும். காயும் அப்படித்தான். "சாப்பிடு" என்ற கட்டாயம் இல்லாமல் அந்தப் பழக்கத்தை உண்டாக்கச் சமையலறை நல்ல இடம்.

முருங்கைக்கீரை உருவக் கொடுங்கள். காம்பைப் பிடித்து விரலால் இழுத்தால் இலை பொலபொலவென்று உதிரும். 3 வயதுப் பிள்ளைக்கும் அது விளையாட்டு. கையெல்லாம் பச்சை வாசம், ஒன்றிரண்டு இலை வாய்க்கும் போகும். அப்புறம் சப்பாத்தி மாவு உருட்டலாம். பட்டாணியும் உரிக்கலாம், ஆனால் மூக்கில் போட்டுக்கொள்ளாமல் பக்கத்திலேயே இருங்கள். அடுப்பும் அரிவாள்மனையும் பெரியவர்கள் வேலை. என்னைக் கேட்டால், கடைசியில் ஆறவைத்து உப்பு பார்க்கச் சொல்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கூடச் சமைத்த அன்றைக்கே சாப்பிட்டுவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே காயைப் பத்துப் பதினைந்து தடவை ருசித்த பிறகு ஏற்றுக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு, ஒருமுறை துப்பியதை வைத்து "இவனுக்கு இது பிடிக்காது" என்று முடிவுகட்ட முடியாது.