யவீருவின் வீட்டுக்குப் போகும் வழியில்: கேள்வி பதில்

வேதாகமத்தில் மாற்கு சுவிசேஷம் 5ஆம் அதிகாரம், 21 முதல் 43 வரை. ஜெப ஆலயத் தலைவன் யவீரு, சாகக் கிடக்கும் 12 வயது மகளுக்காக இயேசுவின் பாதத்தில் விழுகிறான். போகிற வழியில், 12 வருடமாகப் பெரும்பாட்டால், அதாவது நிற்காத உதிரப்போக்கால், அவதிப்பட்ட ஒரு பெண் கூட்டத்துக்குள் புகுந்து அவர் வஸ்திரத்தைத் தொட்டுச் சுகமாகிறாள். இயேசு நின்று அவளோடு பேசும்போதே சிறுமி இறந்த செய்தி வருகிறது. ஆனாலும் போய், அவளை எழுப்புகிறார். இந்தப் பகுதியைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: சுகம் கிடைத்துவிட்டதே, "என் வஸ்திரங்களைத் தொட்டது யார்" என்று ஏன் கூட்டத்தில் கேட்டார்? பாவம், அவளுக்கு வெட்கமாக இருந்திருக்காதா?

இருந்திருக்கும், சகோதரி. நடுங்கிக்கொண்டேதான் வந்தாள். ஆனால் யோசித்துப் பாருங்கள். லேவியராகமம் 15இன்படி உதிரப்போக்கு இருக்கும்வரை அவள் தீட்டு; அவள் படுக்கையைத் தொட்டவரும் சாயங்காலம்வரை தீட்டு. 12 வருடம் அப்படி ஒதுங்கி வாழ்ந்தவள் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போயிருந்தால், உடம்பு சரியானது ஊருக்கு எப்படித் தெரியும்? எல்லார் முன்னாலும் "மகளே" என்று கூப்பிட்டார். சுவிசேஷங்களில் இயேசு ஒரு பெண்ணை அப்படி அழைப்பது இவளை மட்டும்தான்.

கேள்வி: மாதவிலக்கு நாட்களில் ஆலயத்துக்குப் போகக் கூடாது, திருவிருந்து எடுக்கக் கூடாது என்கிறார் என் மாமியார். சரியா?

மாமியாரோடு சண்டைக்குப் போகாதீர்கள், ஆனால் போங்கள். தொட்டதற்காக அந்தப் பெண்ணை இயேசு கடிந்துகொள்ளவில்லை. அதோடு நிற்காமல், செத்த பிள்ளையின் கையையும் பிடித்தார். எண்ணாகமம் 19இன்படி பிணத்தைத் தொட்டால் ஏழு நாள் தீட்டு. இந்த வேதபகுதியை மாமியாரோடு உட்கார்ந்து வாசித்துப் பாருங்களேன்.

கேள்வி: ஜெபித்தும் எங்கள் பிள்ளை பிழைக்கவில்லை. விசுவாசம் போதாது என்று சபையிலேயே சொன்னார்கள்.

அப்படிச் சொன்னது தவறு, ஐயா. செய்தி கேட்டதும் யவீரு என்ன சொன்னான் என்று மாற்கு எழுதவே இல்லை. இயேசுதான் முந்திக்கொண்டு, "பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு" என்கிறார். தளர்ந்து நின்றவனுக்குச் சொன்ன வார்த்தை அது. விசுவாசத்தை அளந்து பார்த்துக் கூலி கொடுத்த கதையாக இதை வாசிக்க இடமே இல்லை. உங்கள் பிள்ளை ஏன் போனது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் செய்த ஜெபத்தில் குறை இருந்தது என்று மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: வைத்தியர்களிடம் செலவழித்தும் பலனில்லை என்று வருகிறதே. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

வேண்டாம் தம்பி. அவளுக்கு நேர்ந்ததை மாற்கு சொல்கிறார், அவ்வளவுதான். சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர் என்று கொலோசெயர் 4:14 சொல்கிறது.

கேள்வி: கடைசியில் ஏன் சாப்பாடு கொடுக்கச் சொன்னார்?

எனக்கு ரொம்பப் பிடித்த வரி. "தலீத்தாகூமி", அதாவது "சிறுபெண்ணே எழுந்திரு", என்றதும் பிள்ளை எழுந்து நடக்கிறாள். பெற்றோரும் கூட வந்த மூன்று சீஷரும் வாயடைத்து நிற்கிறார்கள். அவளுக்குப் பசிக்குமே என்று யாருக்கும் தோன்றவில்லை, அவருக்குத்தான் தோன்றியது. எங்கள் சபையில் ஒரு அம்மா, துக்க வீட்டுக்குப் போனால் வசனம் சொல்லமாட்டார். நேராக அடுப்படிக்குப் போய்க் கஞ்சி வைப்பார்.