காற்றுப் படகு தொய்கிறதா?

கேள்வி: எங்கள் பிவிசி காற்றுப் படகு விடிவதற்குள் தொய்ந்துவிடுகிறது. சைக்கிள் டியூப் சொல்யூஷனில் ஒட்டிய பேட்ச்சும் இரண்டே நாளில் உரிந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: ராத்திரிக் குளிரில் உள்ளிருக்கும் காற்று சுருங்கும், லேசாகத் தொய்வது ஓட்டை ஆகாது. வெயில் ஏறிய பிறகும் விறைக்காவிட்டால்தான் கசிவு. சோப்பு நீரை முதலில் வால்வில் தடவிப் பாருங்கள். பல நேரம் அங்கே சிக்கிய மணல்தான் குற்றவாளி, கழுவினால் போதும். அங்கே குமிழி வராவிட்டால் படகின் துண்டுகள் ஒட்டிச் சேரும் விளிம்புகளைப் பாருங்கள்.

ரப்பர் சொல்யூஷன் பிவிசியில் பிடிக்காது. பிவிசிக்கென்றே விற்கும், இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் பசை வாங்குங்கள். ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. படியுமாறு பேட்ச்சை வெட்டி, மூலைகளை வட்டமாக்குங்கள். கூர்மூலைதான் முதலில் உரியும். காற்றை முழுக்க இறக்கி, இரு பரப்பையும் அசிட்டோனால் துடைத்து, பசையை மெல்லிசாக இரண்டு பூச்சு தடவுங்கள். முதல் பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. இரண்டாவது பூச்சு தொட்டால் பிசுக்கென்று ஒட்ட வேண்டும், விரலோடு நூலாக வரக்கூடாது, அதுதான் பதம். பேட்ச்சை வைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள். 24 மணி நேரம் காற்றடிக்கக் கூடாது. மழை நாளில் இந்த வேலையே வேண்டாம், ஈரக்காற்று பசையைக் கெடுத்துவிடும்.