விமானத்தில் இடம் மாறி உட்கார்ந்தால் என்ன ஆகும்?

கேள்வி: பாதி இருக்கை காலியாகக் கிடந்தது. பின்வரிசைக்குப் போகலாம் என்று எழுந்தால், 'மேலே ஏறிய பிறகு மாறிக்கொள்ளுங்கள்' என்றார் பணிப்பெண். ஓர் ஆளின் எடை விமானத்தை என்ன செய்துவிடும்?

பதில்: ஓர் ஆள் ஒன்றும் செய்துவிட மாட்டார். பத்துப் பேர் அப்படி எழுந்தால்தான் வம்பு. விமானம் 60,000 கிலோ, ஆளுக்கு 75 கிலோ, எல்லாரும் 20 மீட்டர் பின்னால் போகிறார்கள் என்று வையுங்கள். நகர்ந்த எடை 750-ஐ 20-ஆல் பெருக்கி, 60,000-ஆல் வகுத்தால் 0.25. அதாவது எடை மையம் (விமானத்தின் மொத்த எடையும் சமன்படும் புள்ளி) 25 சென்டிமீட்டர் பின்னுக்குப் போய்விடும். அந்த அளவு விமானத்தில் எடை மையம் முன்பின் நகர இருக்கும் இடமே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். எங்கே எவ்வளவு எடை என்று எழுதிய லோடு ஷீட்டில் உள்ள கணக்கை நம்பித்தான் விமானி வால் ஸ்டெபிலைசரின் (வாலில் உள்ள சிறு கிடை இறக்கை) கோணத்தை வைத்திருப்பார். மேலே போய்விட்டால் வேகமும் இருக்கும், ட்ரிம்மை, அதாவது அந்தக் கோணத்தை, திருத்த அவகாசமும் இருக்கும்.

கேள்வி: முன்பாரம், பின்பாரம், எது மோசம்?

பதில்: பின்பாரம்தான். முன்பாரமானால் ஓடுபாதையில் மூக்கு எழும்பாமல் அடம்பிடிக்கும். வால் கூடுதலாகக் கீழே அழுத்த வேண்டியிருக்கும். அந்தச் சுமையும் இறக்கையின் தலையில் விழுவதால் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்கும் பலத்தை இழந்துவிடும் வேகம்) ஏறும், எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும். பின்பாரம் ஆளை ஏமாற்றும். கன்ட்ரோல் கைக்கு லேசாக, சுகமாகவே இருக்கும். ஆனால் மூக்கு ஒருமுறை மேலே போய் ஸ்டால் ஆகிவிட்டால், அதைக் கீழே இறக்க எலிவேட்டருக்கு (வாலில் மேலும் கீழும் அசையும் மடல்) பலம் போதாது.

2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் 19 இருக்கை பீச்கிராஃப்ட் 1900டி புறப்பட்டவுடனே விழுந்து, விமானிகள் இருவரோடு சேர்த்து 21 பேர் இறந்தார்கள். எலிவேட்டர் கேபிளைத் தப்பாகச் சரிசெய்திருந்ததால் மூக்கைக் கீழே இறக்க முடியவில்லை; கூடவே பின்பாரமும். பயணிகளுக்குச் சராசரி எடை போட்டு எழுதிய லோடு ஷீட்டில் எல்லாம் வரம்புக்குள் இருந்தது, உண்மை எடை வரம்பைத் தாண்டியிருந்தது. அதன் பிறகே அங்கே சராசரி எடையை உயர்த்தினார்கள்.

கேள்வி: ஏடிஆர் என்கிற சிறிய ப்ரொப்பெல்லர் விமானம் நிற்கும்போது வாலுக்கடியில் ஒரு கம்பு முட்டுக் கொடுக்கிறார்களே?

பதில்: அதில் பயணிகள் ஏறி இறங்கும் வாசல் பின்பக்கம். எல்லாரும் அங்கே குவிந்தால் முன்சக்கரம் எழும்பி, வால் தரையில் உட்கார்ந்துவிடும். விமானம் நகரும்முன் கம்பை எடுத்துவிடுவார்கள்.