தமனியா, சிரையா? முதலில் அதைச் சொல்லுங்கள்

டாக்டரம்மா, எனக்கு ஏழாம் மாதம். சும்மா உட்கார்ந்திருந்தாலே மூச்சு வாங்குகிறது. உள்ளே பிள்ளைக்கு ஆக்சிஜன் குறையுமா? (மேலூர்)

பெரும்பாலும் குறையாது. கர்ப்பத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உங்களை ஆழமாக மூச்சுவிட வைக்கிறது. அதனால் உங்கள் ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 40லிருந்து 30 மி.மீ. (பாதரசம்) பக்கம் இறங்கும். பிள்ளையின் ரத்தத்தில் அது 40க்கு மேல். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி, பிள்ளையின் கழிவு உங்களிடம் வந்துவிடும். ஆனால் படுத்தால் மூச்சு முட்டுகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றால் அன்றே டாக்டரைப் பாருங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எழுதவில்லையே?

பேரனுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் பி.எச். 7.21 என்று எழுதியிருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பிள்ளைக்கு 7.33 இருந்ததாம். நம்ம பிள்ளைக்கு மூளை பாதித்திருக்குமா? (திருமங்கலம்)

7.21 தமனியிலா, சிரையிலா? கடிதத்திலும் இல்லை, நீங்கள் அனுப்பிய சீட்டிலும் இல்லை. எத்தனை தடவை எழுதினாலும் இப்படியே ஒற்றை எண்ணோடுதான் கடிதங்கள் வருகின்றன.

பி.எச். என்பது ரத்தத்தின் அமிலநிலையைக் காட்டும் எண். அது குறையக் குறைய அமிலம் அதிகம் என்று பொருள். கொடியில் தமனி இரண்டு, சிரை ஒன்று. தமனி ரத்தம் குழந்தையிடமிருந்து நஞ்சுக்கொடிக்குப் போவது. குழந்தையின் நிலை அதில்தான் தெரியும். சிரையில் வருவது நஞ்சுக்கொடி சுத்தம் செய்து அனுப்பிய ரத்தம். நல்ல குழந்தைக்கே தமனியில் 7.27 பக்கம், சிரையில் 7.35 பக்கம் இருக்கும். உங்கள் பேரனுக்குத் தமனியிலும் எதிர்வீட்டில் சிரையிலும் எடுத்திருந்தால், இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் பிறந்திருக்கிறார்கள்!

சிரை பருமனானது, ஊசி சுலபமாக ஏறும். அவசரத்தில் அதையே குத்திவிட்டுத் தமனி என்று எழுதிவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்த ஒரு சீட்டை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே தூக்கம் இழக்கிறது. இரண்டிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். இரண்டு எண்ணும் 0.02க்குள் ஒட்டி நின்றால், ஒரே குழாயில்தான் இரண்டு முறையும் குத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

பி.எச். மட்டும் போதவும் போதாது. பேஸ் டெஃபிசிட், அதாவது அமிலத்தை ஈடுகட்டும் காரத்தில் பற்றாக்குறை, எவ்வளவு? வலியின்போது கொடி நசுங்கினால் கரியமில வாயு தேங்கி பி.எச். இறங்கும், பிள்ளை வீறிட்டு அழுதாலே அது வெளியேறிவிடும். ஆக்சிஜன் நெடுநேரம் குறைந்தால்தான் லாக்டிக் அமிலம் சேரும். அது நஞ்சுக்கொடியை மெதுவாகத்தான் கடக்கும், பிறந்த பிறகும் தீர மணிக்கணக்கில் ஆகும். தமனியில் 7.0க்குக் கீழே, பேஸ் டெஃபிசிட் 12க்கு மேலே என்றால் நாங்கள் கவலைப்படுவோம். 7.21க்கு அல்ல. பிறந்ததும் அழுதானா, பால் குடிக்கிறானா? அதுதான் முக்கியம், அதையும் நீங்கள் எழுதவில்லை.

எட்டு மாதக் கர்ப்பம். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருக்கலாமா? (செல்லூர்)

கூடாது. ரத்தத்தில் அமிலத்தை ஈடுகட்டுவது பைகார்பனேட். கர்ப்பத்தில் அதன் கையிருப்பு ஏற்கெனவே குறைவு. பட்டினி கிடந்தால் கீட்டோன் என்ற அமிலம் சீக்கிரம் ஏறும், அது பிள்ளைக்கும் போகும். சாப்பிட்டுவிட்டுக் கும்பிடுங்கள்.

32 வாரத்தில் பிறந்த குழந்தை, இப்போது மூன்று வாரம். பைகார்பனேட் 19. சிறுநீரகக் கோளாறா? (உசிலம்பட்டி)

அந்த எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பெரியவர்களின் சிறுநீரகம் பைகார்பனேட்டை 25 பக்கம் நிறுத்தி வைக்கும். குறைமாதக் குழந்தைக்கு அந்த வரம்பே 18, 20தான். அமிலத்தை வெளியேற்றும் திறனும் வளர நாளாகும். எடை ஏறுகிறதா? ஏறினால் பொறுத்திருக்கலாம். ஏறாவிட்டால் டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார். தயவுசெய்து பசும்பால் கொடுத்துவிடாதீர்கள். அதன் புரதம் அமிலச் சுமையை இன்னும் கூட்டும்.

ஒரு மாதக் குழந்தை பால் கக்குகிறது. ‘ஆசிட்’ குறைய கிரைப் வாட்டர் கொடுக்கலாமா? (வாடிப்பட்டி)

வேண்டாம். சிலவற்றில் சோடியம் பைகார்பனேட் இருக்கிறது. வயிற்று அமிலம் வேறு, ரத்தத்தின் அமிலநிலை வேறு. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். வசம்பும் வேண்டாம், தேனும் வேண்டாம். கக்குவது பச்சையாக இருந்தாலோ, பீய்ச்சி அடித்தாலோ, பிள்ளை வேகமாக மூச்சுவிட்டாலோ எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.