டர்போ எஞ்சினுக்குச் சிலிண்டரைப் பலப்படுத்தணுமா? கேள்வி பதில்

சிலிண்டர் துளையைக் கடையுற போர் மெஷினும், அதோட சுவரை மெருகேத்துற ஹோனிங் மெஷினும்தான் 22 வருஷமா என் பிழைப்பு. டர்போ (எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தித் திணிக்கிற கருவி) மாட்டணும்னு எஞ்சினைப் பிரிச்சவங்க முதல்ல கேக்குறது, "சிலிண்டரைப் பலப்படுத்தணுமா?"ன்னுதான். இந்த முறை வந்த கேள்விகளை வரிசையா எடுத்துக்கிட்டேன்.

கேள்வி (கோலாலம்பூர்): அண்ணே, ஹோண்டா சிவிக் ஈஜி, பி16ஏ எஞ்சின். 0.8 பார் பூஸ்ட் (டர்போ தர்ற கூடுதல் காத்தழுத்தம்) போதும். தினமும் ரோட்டுல, எப்பவாவது செப்பாங் ரேஸ் ட்ராக். ஸ்லீவ் (சிலிண்டருக்குள்ள சொருகுற இரும்புக் குழாய்) போடாம கட்டினா பிளாக் (சிலிண்டர் எல்லாம் இருக்கிற எஞ்சின் உடம்பு) பிளந்துடும்னு கடையில பயமுறுத்துறாங்க.

பதில்: வேண்டாம் தம்பி. டியூனிங் ஒழுங்கா இருந்தா 0.8 பாருக்குக் கம்பெனி லைனரே (சிலிண்டரோட உள்சுவர்) தாங்கும். ஆனா அவங்க பயத்துக்குக் காரணம் இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கோங்க.

ஹோண்டா பி சீரிஸ் பிளாக் அலுமினியம். உள்ளே வார்ப்போட சேர்ந்த இரும்பு லைனர். ஹெட்டை (சிலிண்டர் மேல் மூடி) கழட்டிட்டு மேலே இருந்து பாருங்க: நாலு சிலிண்டரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, தண்ணி ஓடுற பள்ளத்துக்கு நடுவுல தனியா நிக்கும். மேல் விளிம்புல வெளிச்சுவரோட எந்தப் பிடிமானமும் கிடையாது. இதுதான் ஓப்பன் டெக் (டெக்னா ஹெட் உட்கார்ற மேல் முகம்).

இப்போ கணக்கு. போர், அதாவது சிலிண்டர் துளை விட்டம், 81 மி.மீ. எரியும்போது உள்ளே உச்ச அழுத்தம் 80 பார்னு வைங்க. பிஸ்டன் தலையில 4 டன்னுக்கு மேல இறங்குது. அந்த நேரத்துல பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடு லேசா சாய்ஞ்சு நிக்கிறதால, ஏறக்குறைய 300 கிலோ பக்கவாட்டுல சுவரை நெட்டும். பிஸ்டன் அப்போ இருக்கிறது மேல் விளிம்புக்குப் பக்கத்துல, அதாவது பிடிமானம் இல்லாத இடத்துல. பூஸ்ட் ஏற ஏற சிலிண்டர் தலை ஆடும். அந்த ஆட்டத்துல ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல கசிவைத் தடுக்குற தகடு) தேய்ஞ்சு விட்டுடும், பிறகுதான் லைனர் வெடிக்கும். உங்க பூஸ்டுல அந்த ஆட்டம் பெருசா இருக்காது. ஸ்லீவுக்கு வச்ச பணத்தை ஃபோர்ஜ்டு (அடிச்சுச் செஞ்ச உறுதியான) பிஸ்டன், ராடு, டர்போ காத்தைக் குளிர வைக்கிற நல்ல இன்டர்கூலர், டைனோவுல (பவர் அளக்குற மெஷின்) முழு நாள் டியூனிங், இதுக்கெல்லாம் போடுங்க.

கேள்வி (சென்னை): அப்போ லைனர் வெடிச்ச படங்களா வருதே, அதெல்லாம் எப்படி?

பதில்: என் மேசையில அப்படி ஒரு சிலிண்டரை வெட்டி வச்சிருக்கேன். மேல் விளிம்புல ஆரம்பிச்சு நேரா கீழே இறங்குற விரிசல், விரல் நீளம் இருக்கும். வண்டிக்காரர் கொண்டு வந்தப்போ "பிளாக் வீக் சார்"னார். நான் முதல்ல ஸ்பார்க் பிளக்கைக் கேட்டேன். வெள்ளைப் பீங்கான் மேல மிளகுத்தூள் தூவின மாதிரி கருப்புப் புள்ளி, நடுநடுவுல பளபளன்னு அலுமினியத் துணுக்கு. பிஸ்டன் ஓரம் மணல் அரிச்ச மாதிரி சொரசொரப்பு. முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவுல இருக்கிற கரை ஒரு பக்கம் உடைஞ்சே போயிருந்தது.

இது நாக்கிங் பண்ணின வேலை. தீ ஒழுங்கா பரவாம, மீதிக் கலவை ஒரே நொடியில தானா பத்திக்கும்போது வர்ற அழுத்தம் சம்மட்டி அடி மாதிரி. அந்த அடியை எந்த லைனரும் ரொம்ப நாள் வாங்காது. அவர் பயன்படுத்தினது சாதாரண பெட்ரோல், அதுக்கு மேல இக்னிஷன் டைமிங்கை (பிளக் பொறி விடுற நேரம்) முன்னாடி தள்ளி வச்சிருந்தார். அதே டியூனிங்கோட ஸ்லீவ் போட்டிருந்தா லைனர் பிழைச்சிருக்கலாம், பிஸ்டன் பிழைச்சிருக்காது. அதனாலதான் சிலிண்டரைப் பத்திக் கேக்குறவங்ககிட்ட எரிபொருளையும் டைமிங்கையும் திருப்பித் திருப்பிக் கேக்குறேன்.

இன்னொரு விஷயத்தையும் சிலிண்டர் மேல பழி போட்டுடுறாங்க: பிஸ்டன் ரிங்கோட ரெண்டு நுனிக்கும் நடுவுல விடுற இடைவெளி. சாதாரண எஞ்சினுக்கு விடுற இடைவெளியையே டர்போவுக்கும் விட்டா, சூட்டுல ரிங் நுனி ரெண்டும் முட்டிக்கிட்டு சுவரைக் கீறும். 81 மி.மீ. போருக்கு மேல் ரிங் சுமார் 0.40 மி.மீ. வேணும். ரிங் கம்பெனி குடுத்த தாள்ல வேற அளவு இருந்தா அதையே எடுத்துக்கோங்க.

கேள்வி (கோயம்புத்தூர்): பிளாக் கார்டு மலிவா கிடைக்குது. கரி மோட்டார் ஸ்பீட்வேயில ஓட்டுற வண்டி. அதைத் தட்டி இறக்கினா போதுமா?

பதில்: தட்டி இறக்குறதுதான் பிரச்சினையே. பிளாக் கார்டுங்கிறது அந்தத் தண்ணிப் பள்ளத்தோட மேல் வாயில இறுக்கமா உட்கார்ற அலுமினியத் தட்டு. ஆட்டத்தைக் கொஞ்சம் குறைக்கும், மறுக்கல. ஆனா சிலிண்டர்ல ரொம்பச் சூடாகுற இடம் மேல் பகுதி, அங்கதான் இது தண்ணியை மறைக்குது. ட்ராக்ல 15 நிமிஷம் தொடர்ந்து மிதிக்கிற வண்டிக்கு அது நல்லதில்ல. இன்னொண்ணு, சுத்தியலால இறக்கும்போது போர் வட்டம் கெடும். போட்டே ஆகணும்னா, இறக்கின பிறகு கட்டாயம் போர் போட்டு ஹோனிங் பண்ணணும். கட்டின எஞ்சின்ல மேலே மட்டும் திறந்து சொருகவே கூடாது.

கேள்வி (நாமக்கல்): லாரிக்கும் ஆர்எக்ஸ் 100க்கும் ஸ்லீவ் அடிக்கிற எங்க ஊர் பட்டறையிலேயே காருக்கும் அடிச்சுக்கலாமா? பாதிச் செலவுல முடியும்.

பதில்: அந்தப் பட்டறைக்காரங்க கை மேல எனக்கு மரியாதை உண்டு, நானும் அங்கிருந்து வந்தவன்தான். ஆனா ரெண்டும் வேற வேலை. தேய்ஞ்ச போரைப் பழைய அளவுக்குக் கொண்டுவர அடிக்கிறது மெல்லிசான ரிப்பேர் ஸ்லீவ். அலுமினிய பிளாக்கைக் கடைஞ்சு அதை உள்ளே விட்டா பிளாக்கோட பலம் குறையும், கூடாது.

டர்போவுக்குப் போடுறது டக்டைல் அயர்ன் ஸ்லீவ். சாதாரண வார்ப்பிரும்புல கிராஃபைட் செதில் செதிலா இருக்கும், ஒவ்வொரு செதிலும் விரிசலுக்கு ஒரு தொடக்கம். டக்டைல்ல அது உருண்டை உருண்டையா இருக்கிறதால இழுத்தா தாங்கும். சுவர் கனமா இருக்கும். மேல் விளிம்பு அகலமா இருந்து, பக்கத்து ஸ்லீவையும் வெளிச்சுவரையும் தொட்டு, ஓப்பன் டெக்கை மூடின மாதிரி ஆக்கிடும்.

கஷ்டம் எங்கேன்னா, அலுமினியம் சூட்டுல இரும்பைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். 100 மி.மீ. விட்டத்துக்கு 80 டிகிரி ஏறினா, ரெண்டுக்கும் நடுவுல சுமார் 0.1 மி.மீ. வித்தியாசம். குளிர்ல இறுக்கமா இருந்த ஸ்லீவ் சூட்டுல தளரும். கீழே உட்கார்ற படி சரியா கடையலைன்னா ஸ்லீவ் அங்குலம் அங்குலமாக்கூட வேண்டாம், ஒரு தாள் கனம் இறங்கினாலே போதும், கேஸ்கெட் போச்சு. வேற இடத்துல ஸ்லீவ் போட்டு என்கிட்ட வந்த ஒரு பிளாக்ல மூணாவது சிலிண்டர் மட்டும் இறங்கியிருந்தது. அந்தப் பையன் மூணு தடவை ஹெட் கேஸ்கெட் மாத்தி, ஹெட்டையும் ரெண்டு தடவை தேய்ச்சிருக்கான். ஒரு ஸ்டிரெயிட் எட்ஜ் (மட்டம் பார்க்குற நேரான பட்டை) வச்சுப் பார்க்க யாருக்கும் தோணலை. மோசமா போட்ட ஸ்லீவைவிட கம்பெனி லைனர் எவ்வளவோ மேல்.

கேள்வி (டொராண்டோ): அண்ணை, என்னட்ட 2008 சுபாரு எஸ்டிஐ நிக்குது. நாலாம் சிலிண்டர்ல கம்ப்ரெஷன் குறைஞ்சு போச்சு. எஞ்சினைக் கழட்டேக்க பிளாக்கையும் குளோஸ்டு டெக் ஆக்கட்டோ?

பதில்: தம்பி, உங்கட ஈஜே257 ஏற்கெனவே பாதி மூடின டெக்தான். 99.5 மி.மீ. பெரிய போர், சுவர் ஒல்லிதான், ஆனாலும் இந்த எஞ்சின்ல முதல்ல போறது பெரும்பாலும் பிஸ்டனோட ரிங் கரை. நாலாம் சிலிண்டர்னா சந்தேகம் இன்னும் கூடுது. கழட்டிப் பாருங்க. போர் நல்லா இருந்தா ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டு, டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலா போல்ட் போட்டு இறுக்குற கனமான தட்டு) மாட்டி ஹோனிங் பண்ணினா ரோட்டு வண்டிக்குப் போதும். பவரை ரெண்டு மடங்காக்குற எண்ணம் இருந்தா மட்டும் டெக்கை மூடுற செலவை யோசியுங்க.

கேள்வி (கிள்ளான்): புரோட்டான் சத்ரியா ஜிடிஐ, 4ஜி93 எஞ்சின். இதுக்கும் ஸ்லீவா?

பதில்: இரும்பு பிளாக். வேண்டாம். 1983ல நெல்சன் பிக்கே ஃபார்முலா ஒன் பட்டம் ஜெயிச்ச பிராபம் காரோட 1.5 லிட்டர் பிஎம்டபிள்யூ டர்போவே, ரோட்டு காரோட இரும்பு பிளாக்கை அடிப்படையா வச்சுக் கட்டினதுதான்.

கேள்வி (மதுரை): ஹோண்டா சிட்டி 1.5, எல்15ஏ. 1 மி.மீ. ஓவர்சைஸ் போர் போட்டு டர்போ மாட்டலாம்னு இருக்கேன்.

பதில்: ரெண்டையும் சேர்க்காதீங்க. 73 மி.மீ. போர், சுவர் கனம் 5 மி.மீ.ன்னு கணக்குக்கு வச்சுப்போம். 1 மி.மீ. பெருசாக்கினா சுவர்ல அரை மி.மீ. போச்சு. அதே அழுத்தத்துக்கு சுவர் தாங்க வேண்டிய இழுவிசை சுமார் 12 சதவீதம் கூடிடும். கிடைக்கிற கொள்ளளவு 3 சதவீதம்கூட இல்ல. டர்போ இருக்கும்போது அந்த 3 சதவீதம் எதுக்கு? தேய்மானம் இல்லாட்டி ஹோனிங்கோட நிறுத்துங்க. இந்த எஞ்சின்ல சிலிண்டருக்கு முன்னாடி வளையுறது ஒல்லியான ராடுதான், அதை மாத்துங்க.

கேள்வி (பினாங்கு): ஸ்லீவ் போட்ட பிளாக் நேத்துதான் வந்தது. கட்டுறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

பதில்: டயல் போர் கேஜ் (துளை விட்டம் அளக்குற கருவி) கடன் வாங்கியாவது எடுத்துக்கோங்க. ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ்னு மூணு உயரத்துல, ரெண்டு திசையில அளந்து எழுதுங்க. டார்க் பிளேட் மாட்டி ஹோனிங் பண்ணினாங்களான்னு கேளுங்க, ஏன்னா ஹெட் போல்ட் இறுகும்போது போர் உருமாறும். ஸ்டிரெயிட் எட்ஜை டெக் மேல நீளவாக்குல, குறுக்குவாக்குல வச்சு 0.05 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்குற மெல்லிசான தகடு) தள்ளிப் பாருங்க. எந்த ஸ்லீவ் பக்கத்துலயும் உள்ளே போகக் கூடாது. கடைசியா சுடுதண்ணி ஊத்தி பிரஷர் டெஸ்ட், கிராங்க் பக்கமிருந்து டார்ச் அடிச்சு ஸ்லீவ் அடியில ஈரம் தெரியுதான்னு பார்க்கணும். ஒரு துளி தெரிஞ்சாலும் பிஸ்டன் இறக்காம, பிளாக்கை அப்படியே திருப்பி அனுப்புங்க.