இருமலுக்குத் தைம் (thyme) என்ற மூலிகை இலையில் போட்ட டீ குடிக்கலாமா? இருமல் சீக்கிரம் அடங்க அதில் தைம் எண்ணெயும் சேர்க்கலாமா?

டீ குடிக்கலாம். எண்ணெயை வாயில் விடவே விடாதீர்கள், ஒரு சொட்டுகூட வேண்டாம்.

இருமல் விடவில்லை, இலையும் எண்ணெய்ப் பாட்டிலும் எதிரில் இருக்கிறது, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அதே நிலைமைதான். என் தம்பி மனைவி, "இலையைப் போட்டுக் காத்திருக்க வேண்டாம், எண்ணெய் ரெண்டு சொட்டு போதுமாம்" என்று வெந்நீரில் விட்டுக் குடித்துவிட்டாள். எண்ணெய் தண்ணீரில் கரையுமா? டம்ளரில் மேலாக வளையம் வளையமாக மிதந்தது அப்படியே முதல் வாயில் உள்ளே போனது. உதடு, நாக்கு, தொண்டை எல்லாம் ஒரே எரிச்சல். அம்மா பதறிப்போய் விரலை விட்டு வாந்தி எடுக்கச் சொன்னார். நான்தான் தடுத்தேன். வாந்தி எடுக்கும்போது அந்த எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலையே கெடுத்துவிடும். வாயைக் கொப்பளிக்க வைத்து, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நல்லவேளை, எரிச்சலோடு போயிற்று.

எல்லாத்துக்கும் காரணம் தைமில் இருக்கும் தைமால் என்ற வேதிப்பொருள். ஓமத்தின் மணமும் அதனால்தான். இலையில் அது கொஞ்சம்தான் இருக்கிறது, எண்ணெயிலோ செறிந்து கிடக்கிறது. தோலில் தடவினால்கூட வேறு எண்ணெயில் நன்றாகக் கலக்காவிட்டால் புண்ணாக்கிவிடும்.

அவளை எல்லோரும் திட்டினார்கள். எனக்கு அந்தப் பாட்டில் மேல்தான் கோபம். முன்பக்கம் பச்சை இலைப் படம், "100% இயற்கை" என்று கொட்டை எழுத்து. "வெளி உபயோகத்துக்கு மட்டும்" என்பது பின்னால், எறும்பு சைஸில். மாத்திரை அட்டையிலும் இதே கதைதான், காலாவதித் தேதியைக் கிழிக்கிற ஓரத்தில் அச்சடிக்கிறார்கள். வயதானவர்கள் எப்படிப் படிப்பார்கள்?

சரி, டீக்கு வருகிறேன். உலர்ந்த இலை 1 முதல் 2 கிராம், கொதிநீர் 150 மி.லி. மூடி வைத்து, பத்து நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். மூடாவிட்டால் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும். பெரியவர்கள் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை குடிக்கலாம். ஐரோப்பிய மருந்து முகமை சொல்லும் அளவும் இதுதான். புதினா, துளசி, ஒரிகானோ ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடாதீர்கள், எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் மருந்து அளவுக்குக் குடிக்க வேண்டாம். சமையலில் தூவுவது வேறு விஷயம்.

"மூலிகையை மட்டம் தட்டுகிறாய்" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் மருத்துவர் இல்லை, ஆனால் இந்த டீயை இன்றைக்கும் நானே போட்டுக் குடிக்கிறேன். ஒரு வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லை, காய்ச்சல், மூச்சுத்திணறல், சளியில் ரத்தம் என்று எது வந்தாலும் டீயை நம்பி உட்காராமல் மருத்துவரிடம் போங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்த எண்ணெய்ப் பாட்டிலை இன்றைக்கே எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு இந்த டீயும் வேண்டாம், தேனும் வேண்டாம்.