வாங்குவோர் கேள்வி-பதில்: “மதர்போட் போயிட்டுது ரீச்சர்”

ஏழு வருடப் பழைய லப்டொப். போன கிழமை வரை ஓடியது, இப்போது சாஜரைக் குத்தினாலும் ஒரு லைட்டும் இல்லை. கடைத்தம்பி கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மதர்போட் போயிட்டுது ரீச்சர், 38,000 முடியும்” என்கிறார். கொடுக்கவா? — ஆசிரியை, களுவாஞ்சிகுடி

கொடுக்காதீர்கள் ரீச்சர். மதர்போட் என்பது எல்லாப் பாகமும் தொடுத்திருக்கும் பெரிய மின்சுற்றுப் பலகை, சுருக்கமாக ‘போட்’. முதலில் அதே பிளக்கில் போன் சாஜரைக் குத்தி, கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், பிளக் பழுதாகிக் கடை வரை லப்டொப்பைச் சுமந்தவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் சாஜர் பெட்டியில் லைட் இருந்தால் அதைக் கவனியுங்கள். தனியே எரிந்து, லப்டொப்பில் குத்தியதும் அணைந்தால், உள்ளே எங்கோ ஷோர்ட் இருக்க இடமுண்டு. அதைக் கடையில்தான் பார்க்க வேண்டும். எரியவே இல்லையென்றால் சந்தேகம் சாஜர் மேல். அதே மொடல் வைத்திருக்கும் யாரிடமாவது இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

சாஜரில் பழுதில்லை என்றால் அதைக் கழற்றி, கழற்றக்கூடிய பற்றரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அமத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கிவிடும். பிறகு பற்றரி இல்லாமல் சாஜரை மட்டும் குத்தி ஓன் பண்ணுங்கள். பல பழைய லப்டொப்புகள் இதிலேயே எழும்பிவிடும். எழும்பாவிட்டால் சாஜர் குத்தும் வாயைப் பாருங்கள். நம் கரையோர உப்புக்காற்றுக்கு அது பச்சை பிடிக்கும், ஆடும். பல மொடல்களில் அது சின்ன வயரோடு வரும் தனிப்பாகம். போட்டின் விலைக்குக் கிட்டவும் வராது.

இனி என் நெடுநாள் வயிற்றெரிச்சல். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் எந்தப் பழுதுக்கும் ஒரே மருந்துச்சீட்டு, “போட் போயிட்டுது”. திறக்கவில்லை, மீற்றர் வைக்கவில்லை, எப்படித் தெரிந்தது? சாஜர் முனையில் எத்தனை வோல்ட் வருகிறது, போட்டில் எந்த இடத்தில் அது நிற்கிறது என்று காட்டாமல் யாரும் போட்டைக் குறை சொல்லக் கூடாது. எந்தப் பாகம், என்ன விலை, எத்தனை மாத உத்தரவாதம் என்று வேலைக்கு முன்னரே எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் தரச் சொல்லுங்கள். “அதை வீசிட்டம்” என்பவர் அதை மாற்றியே இருக்க மாட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது கடைக்காரர் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் அது இருக்கிறது. சொன்ன உத்தரவாதத்துக்கு மாறாகப் பொருளோ சேவையோ இருந்தால் மூன்று மாதத்துக்குள் அந்தச் சபைக்கு எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி 1977. “கடைக்காரர் தெரிஞ்ச பொடியன், எப்படிக் கேக்கிறது?” என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஸ்க்ரீன் மட்டும் கறுப்பு. செத்துவிட்டதா? — உயர்தர மாணவன், அக்கரைப்பற்று

உயிரோடுதான் இருக்கிறது தம்பி. இருட்டறையில் ஸ்க்ரீனில் டோர்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளிதான் போயிருக்கிறது. தெரியாவிட்டால் எச்.டி.எம்.ஐ. வயரால் வீட்டு டீவியில் தொடுத்துப் பாருங்கள். அதிலும் ஒன்றும் வராவிட்டால் பற்றரியின் தொடுப்பைக் கழற்றிவிட்டு, ரேமை (நினைவகப் பட்டையை) எடுத்து, அதன் பொன்நிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூசு போக்கித் திரும்பக் குத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாய் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

நடைபாதையில் ‘எல்லா லப்டொப்புக்கும் பொருந்தும்’ சாஜர் ஒன்று வாங்கினேன். முனை அளவாகப் பொருந்துகிறது, ஆனால் பற்றரி ஏறவில்லை. — கல்முனை

முனை பொருந்தினால் போதுமா? பழைய சாஜரின் அடியில் 19.5 வோல்ட், 3.34 அம்பியர் என்பது போல அச்சடித்திருக்கும். புதியதில் வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும், அம்பியர் குறையக் கூடாது. டெல் போன்ற சிலது நடு ஊசியால் சாஜரை அடையாளம் பார்க்கும். அடையாளம் தெரியாவிட்டால் லப்டொப் ஓடும், பற்றரி ஏறாது. உங்களுடையது அந்த ரகமாக இருக்கலாம். மலிவு என்று நானும் ஒரு ‘ஒரிஜினல் மாதிரி’ பற்றரி வாங்கியிருக்கிறேன். அடுத்த மழைக்காலத்தைக் கூட அது காணவில்லை.

பற்றரி வீங்கி டச்பேட் மேலே எழும்பி நிற்கிறது. ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாமா? — சம்மாந்துறை

குத்தினால் தீப்பிடிக்கும். சாஜரைக் கழற்றுங்கள், ஓன் பண்ணாதீர்கள், இன்றே கடையில் கொடுத்துக் கழற்றுங்கள்.

முகநூலில் பார்த்து 45,000 ரூபா வங்கியில் போட்டேன். கூரியரில் வந்த லப்டொப் ஓன் ஆகவே இல்லை. விற்றவர் போன் எடுக்கிறார் இல்லை. பில் இல்லை. — திருக்கோவில்

பார்க்காமல், பில் கேட்காமல், முன்பணமாக முழுத்தொகை! கோபம் வருகிறது, ஆனால் ஏமாற்றியவர் மேல்தான் கூட வருகிறது. வங்கிச் சீட்டு, விளம்பரப் படம், பேசிய குறுஞ்செய்திகள், கூரியர் உறை எதையும் அழிக்காதீர்கள். விற்றவர் கடை நடத்துபவர் என்றால் மேலே சொன்ன சபைக்கு எழுதுங்கள். தனியாள் என்றால் பொலிசில் முறைப்பாடு. அடுத்த தடவை, ஓன் பண்ணிக் காட்டாத லப்டொப்புக்கு ஒரு சதமும் போடாதீர்கள்.

எழும்பாத லப்டொப்புக்குள் மகளின் கல்யாணப் படங்கள் மாட்டிக்கொண்டன. — ஓய்வுபெற்ற தபால் ஊழியர், ஆரையம்பதி

படங்கள் ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கின்றன ஐயா. அதைக் கழற்றி, யூ.எஸ்.பி. உறை ஒன்றில் போட்டு வேறு கணினியில் குத்தலாம். பிட்லொக்கர் என்ற விண்டோஸ் பூட்டு டிஸ்கில் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது மகளின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கக்கூடும், கேட்டு வையுங்கள். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே இருங்கள். குடும்பப் படங்களோடு டிஸ்கைக் கடையில் விட்டுவிட்டு வரக் கூடாது.

வெள்ளத்தில் நனைந்த லப்டொப்பை அரிசி மூட்டைக்குள் வைத்திருக்கிறேன். எத்தனை நாள்? — வாழைச்சேனை

இப்போதே எடுங்கள். அரிசி உள்ளே இருக்கும் நீரை இழுக்காது, தவிட்டுத் தூசுதான் போய்ச் சேரும். பற்றரியைக் கழற்றி, போட்டை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் கழுவத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அதுவரை பவர் பட்டனில் கைவைக்க வேண்டாம்.